மெதுவாகக் கூப்பிடத் தெரியாதவர்

நீதிமன்ற ஊழியர் சங்கத் தலைவர் அவர்களே, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், வருவார் என்று நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத தலைமை எழுத்தர் அவர்களே, லைட்மேன் தம்பியின் வழக்கை நடத்தும் வக்கீலம்மா அவர்களே, முன் வரிசையில் இருக்கும் என் தங்கையே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் பெருமக்களே, கடைசி வரிசையில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு, வந்ததிலிருந்து கைப்பேசியை நெஞ்சுக்கு நேராகவே பிடித்திருக்கும், யாருக்கு உறவு என்று எனக்கு இன்னும் விளங்காத நண்பரே, எல்லோருக்கும் வணக்கம்.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றே சொன்னேன். அந்த சினிமா நாயகன் காரிலிருந்து இறங்கி நம் நீதிமன்ற வாசலில் கால் வைத்தபோதே சொன்னேன். வழக்கு இழுக்கும் என்றேன், இழுத்தது. சாட்சிகள் கலைவார்கள் என்றேன், கலைந்தார்கள். கடைசியில் நம் ஆள் தலையில்தான் வந்து விடியும் என்றேன், விடிந்தது. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். எட்டாவதை மட்டும் மூன்று தடவை படித்ததால், கூட்டிப் பார்த்தால் பத்தாவது வருகிறது. சட்டம் படித்தவர்கள் இந்த வளாகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நடக்கப்போவதை முன்கூட்டிச் சொன்னது கேட்டுக்கு எதிரே டைப்பிங் கடை வைத்திருக்கும் இந்த மாமா ஒருவன்தான்.

நம்மை விட்டுப் போனவர் யார்? நீதிமன்ற வாசலில் நின்று, வழக்குக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் டவாலி. என் தங்கையின் கணவர். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர். நமக்கெல்லாம் அவர் வெண்கலம். அந்தத் தொண்டைக்கு அதைவிடப் பொருத்தமான பெயரை யார் வைத்துவிட முடியும்? நான்தான் வைத்தேன்.

வெண்கலம் குரல் கொடுத்தால் மாடி ஜன்னல் கண்ணாடி அதிரும். பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் கிடந்தவர் "ஆஜர்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து உட்கார்ந்ததாக நர்ஸ் என்னிடம் சொல்லியிருக்கிறார். ஒருமுறை இவர் கூப்பிட்ட பெயரைக் கேட்டு, அதே பெயருள்ள ஒரு தையல்காரர் அடுத்த தெருவிலிருந்து கத்தரிக்கோலோடு ஓடி வந்து கூண்டில் ஏறிவிட்டார். பாதி குறுக்கு விசாரணை முடிந்த பிறகுதான் ஆள் மாறியது தெரிந்தது. அதுவரை எல்லாக் கேள்விக்கும் சரியாகத்தான் பதில் சொல்லியிருந்தார்.

சிரியுங்கள், தப்பில்லை. அவரும் சிரித்திருப்பார்.

ஆனால் அந்தக் குரலுக்கு ஒரு நியாயம் இருந்தது. ஒரு பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். மூன்றாவது குரலுக்கும் ஆள் வரவில்லை என்றால் அவர் வராதவர். அதன் பிறகு யார் அழுதாலும் ஆகாது. மற்ற நீதிமன்றங்களில் மூன்று குரலும் ஒரே மூச்சில் போவதைப் பார்த்திருக்கிறேன், ரயில் பெட்டி மாதிரி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு. வெண்கலம் அப்படிச் செய்ய மாட்டார். இரண்டாவது குரலுக்கும் மூன்றாவது குரலுக்கும் நடுவில் படிக்கட்டைப் பார்ப்பார். முழங்கால் வலிக்காரர் ஏறிக்கொண்டிருக்கலாம், பிள்ளையை இடுப்பில் வைத்தவள் வந்துகொண்டிருக்கலாம். அவர்கள் கடைசிப் படி ஏறும் நேரம் விட்டுத்தான் மூன்றாவது குரல் வரும்.

இன்னொன்று. அவர் யார் பெயருக்கும் முன்னாலும் பின்னாலும் எதுவும் ஒட்ட மாட்டார். ஒரு பெரிய ஆலை முதலாளியின் வக்கீல் வந்து, பெயருக்கு முன்னால் திருவாளர் போட்டுக் கூப்பிடச் சொன்னார். இவர் சொன்ன பதில் இந்த வளாகத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். "உள்ள போய் எத்தனை ஐயா வேணும்னாலும் போட்டுக்கோங்க சார். வாசல்ல பேரு மட்டும்தான்."

இப்படிப்பட்டவரின் வாசலுக்குத்தான் நாயகன் வந்தார். அவர் பெயரை நான் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, நம் மதில் சுவரில் அமைச்சர் தோளில் கை போட்டுக்கொண்டு சிரிக்கிறாரே, அவரேதான். படப்பிடிப்பில் விளக்கைத் திருப்பச் சொன்னது ஒரு தடவை காதில் விழவில்லை என்று லைட்மேன் தம்பியை அறைந்தார். இப்போது அந்தத் தம்பிக்கு இடது காதில் எதுவும் விழுவதில்லை, வலது காதில் பாதிதான் விழுகிறது. அதோ, தலையைச் சாய்த்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

காவல் நிலையத்தில் புகாரை வாங்கினார்களா? இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டு, "அவர் கை உன்மேல பட்டுச்சா? குடுத்து வெச்சவன்யா நீ" என்றாராம். அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் நாயகனோடு எடுத்த படம் இருந்ததைத் தம்பியே பார்த்தார். பிறகு வக்கீலம்மா நேரடியாக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அதற்குப் பிறகுதான் நாயகனுக்கு எத்தனை நோய்! ஒரு வாய்தாவுக்குக் காய்ச்சல், ஒரு வாய்தாவுக்கு முதுகுப் பிடிப்பு. முதுகு பிடித்த அன்று மாலையே ஆளுங்கட்சிக் கூட்டத்தில் வேன் கூரைமேல் ஏறி நின்று கையாட்டினார். மருத்துவச் சான்று கொடுத்த டாக்டர் கீழே நின்று கை தட்டினார். நான் பார்த்தேன் என்றால் பார்த்ததுதான்.

கடைசியில் ஒருநாள் வந்தார். அன்றைக்கு நம் வளாகம் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். உங்களில் பாதிப் பேர் அவரோடு படம் எடுக்க முண்டியடித்தீர்கள். நானும் ஒன்று எடுத்தேன், ஆதாரத்துக்காக. குற்றம் சாட்டப்பட்டவருக்கு மெத்தை வைத்த நாற்காலி வந்தது. அடி வாங்கியவனுக்கு? பாதுகாப்பு என்று சொல்லி வராந்தாவையே காலி செய்து, லைட்மேன் தம்பியையும் கூட்டத்தோடு கூட்டமாக கேட்டுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். வழக்குப் போட்டவன் நான்தான் என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. வக்கீலம்மாவோ உள்ளே, நகர முடியாமல்.

அதற்கு முன்னால் தலைமை எழுத்தர் அறையில் போன் அடித்ததும், அமைச்சரே பேசியதும், இவர் எழுந்து நின்றுகொண்டு "சரிங்கய்யா" என்று சொன்னதும் ஊரறிந்த கதை. பத்திரிகையிலும் வந்தது. பிறகு தலைமை எழுத்தர் வாசலுக்கு வந்தார். நான் டைப் அடித்த நகலைக் கொடுக்கப் போயிருந்தேன், இருவருக்கும் நடுவில்தான் நின்றேன்.

"இன்னிக்குக் கத்தாதப்பா. கூட்டம் கிளம்பிடும். மெதுவா கூப்பிடு, போதும்."

பாருங்கள், எவ்வளவு நியாயமாக இருக்கிறது! இதில் குற்றம் கண்டுபிடிக்க முடியுமா? ஆனால் காது பாதி போன ஒருவன் கேட்டுக்கு வெளியே நிற்கும்போது மெதுவாகக் கூப்பிட்டால் என்ன ஆகும்? மூன்று குரல் முடியும். வழக்குப் போட்டவன் வரவில்லை என்று எழுதுவார்கள். வழக்கு தள்ளுபடி. நாயகன் குற்றமற்றவர். யாரும் யாரையும் மிரட்டவில்லை, ஒரு காகிதம்கூடக் கிழியவில்லை.

வெண்கலம் தலைமை எழுத்தரை ஏறிட்டுப் பார்த்தார்.

"மெதுவா கூப்பிட எனக்குத் தெரியாதுங்க சார். அதை யாரும் சொல்லிக் குடுக்கல."

முதலில் நாயகனைக் கூப்பிட்டார். வெறும் பெயர். பட்டம் இல்லை, அடைமொழி இல்லை. வெளியே ரசிகர்கள் ஊளையிட்டார்கள். அப்படி மொட்டையாகத் தன் பெயரைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்றோ, நாயகனே ஒரு கணம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். பிறகு தம்பியின் பெயர். வாசலில் நின்று முதல் குரல். பதில் இல்லை. இரண்டாவது குரல். ஊளைதான் பதில். வெண்கலம் படிக்கட்டைப் பார்த்தார். யாரும் ஏறவில்லை. அப்போது அவர் படியிறங்கினார். வராந்தாவைத் தாண்டி, போலீஸ்காரர்களைத் தாண்டி, கேட்டுக்கு உள்பக்கமாக வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது குரல் கொடுத்தார் பாருங்கள்! அந்தக் குரலில் நாயகனின் கார் அலாரம் தானாக அடிக்க ஆரம்பித்தது. தம்பி கூட்டத்துக்கு நடுவிலிருந்து கையைத் தூக்கினார், கேட்டைத் தாண்டி உள்ளே வந்தார். மாஜிஸ்திரேட் வழக்குப் போட்டவர் வந்ததாகப் பதிந்தார். வழக்கு பிழைத்தது.

பிழைக்கவைத்தவர் பிழைத்தாரா? வாசலை விட்டு நகர்ந்தார், ஒரு தரப்புக்குச் சாதகமாக நடந்தார் என்று மனு வந்தது. மனு போட்டவருக்கும் நீதிமன்றத்துக்கும் என்ன சம்பந்தம்? அவர் ரசிகர் மன்றச் செயலாளர். பணியிடை நீக்கம். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். காய்கறிக்காரனைக்கூட அவர் கூப்பிடுவதில்லை என்று என் தங்கை சொன்னாள். போன வாரம் போய்விட்டார். மாரடைப்பு என்கிறார்கள். நான் ஆஸ்பத்திரி டாக்டரின் முகத்தைப் பார்த்தேன். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? யாருக்குப் பயந்து...

என்னம்மா? சொல்லு, எழுந்திருக்க வேண்டாம், உட்கார்ந்தே சொல்லு.

"அண்ணே, அவருக்கு நெஞ்சு வலி ரொம்ப வருஷமா இருந்துச்சு. மாத்திரையை நான்தான் எடுத்துக் குடுப்பேன். டாக்டர் உங்க கண்ணைப் பார்க்காதது நீங்க அவரைப் பேசவே விடாததால. இதுல யாரையும் இழுக்காதீங்க. அந்தத் தம்பி கேஸை மட்டும் பேசுங்க."

சரி. தங்கை சொன்னதால் பேச்சை விடுகிறேன். சந்தேகத்தை விடச் சொல்ல அவளுக்கும் உரிமை இல்லை.

தம்பியின் வழக்குக்கு வருகிறேன். நாயகன் தரப்பு மேல் நீதிமன்றம் போயிருக்கிறது. வாசலில் கொடுத்தால்தான் குரல், கேட்டில் கொடுத்தது குரல் ஆகாது, அது ஆள் பிடித்து வருவது என்கிறார்கள். அப்படி ஒரு குரலே கொடுக்கவில்லை, கூட்டத்தில் போய்த் தம்பியின் கையைப் பிடித்து இழுத்து வந்தார் என்றும் சொல்கிறார்கள். அது நிலைத்தால் தம்பி அன்று வராதவர் ஆகிவிடுவார். நாயகன் மாலையோடு வெளியே போவார். குரல் கொடுத்தவரோ இனிப் பேச மாட்டார். அப்படியானால் யார் பேச வேண்டும்? கேட்டவர்கள் பேச வேண்டும். என் காதால் கேட்டேன், வளாகத்துக்கு உள்ளே நின்றுதான் கொடுத்தார் என்று வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

எத்தனை பேர் போட்டீர்கள்? டீக்கடைக்காரர் பால் பொங்கும் சத்தத்தில் கேட்கவில்லை என்கிறார். ஜெராக்ஸ் கடைக்காரர் மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்கிறார். அன்று கரண்டே இல்லையே ஜெராக்ஸ்காரரே? ஒரு வக்கீல், தான் அன்று ஊரிலேயே இல்லை என்றார். நாயகன் தோளுக்குப் பின்னால் அவர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் படம் என் கைப்பேசியில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் மயங்கிக் கிடந்தவருக்குக் கேட்ட குரல், கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற உங்களுக்குக் கேட்கவில்லையா? உங்களுக்கெல்லாம் என்ன பயம்? நீலச் சட்டை நண்பரே, நன்றாகப் படம் எடுங்கள். என் இடது பக்கம் இன்னும் நன்றாக விழும்.

வெண்கலம் விட்டுப்போன வேலை அந்த மூன்றாவது குரல்தான். அதை நிலைநிறுத்தும்வரை இந்த டைப்பிங் மாமா ஓய மாட்டான் என்று என் தங்கையின் முன்னால் உறுதி சொல்கிறேன். நாளை காலை கடையைத் திறந்து வைத்திருப்பேன். வந்து சொல்லுங்கள், ஒவ்வொருவருக்கும் நானே அடித்துத் தருகிறேன்.

என் வாக்குமூலத்தை முதல் ஆளாக எழுதிக்கொண்டு போய் வக்கீலம்மாவிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"மாமா, இதுல ஒரு வரி பொய்யா இருந்தாலும் அந்தப் பக்கத்து வக்கீல் அதைத்தான் பிடிப்பார். அதோட சேர்ந்து நீங்க கேட்ட மூணாவது குரலும் போயிடும். எது பார்த்தது, எது நீங்களா சேர்த்ததுன்னு நீங்களே பிரிச்சிட்டு வாங்க."

பிரித்தேன். கார் அலாரத்தை எடுத்துவிட்டேன். அந்த மயக்க ஆசாமியை நான் எழுதவே இல்லை. மூன்று குரல் இருக்கிறது, கேட் கம்பியைப் பிடித்த கை இருக்கிறது, கேட்டுக்கு உள்ளே நின்ற கால் இருக்கிறது. "மெதுவா கூப்பிடு" என்று தலைமை எழுத்தர் சொன்னதும் இருக்கிறது. அதை இந்த இரண்டு காதாலும் கேட்டேன்.

ஆனால் போன் இல்லை.

தலைமை எழுத்தர் அவர்களே, இதை உங்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். அன்று உங்கள் அறையில் போன் அடித்ததை நான் கேட்கவில்லை. அமைச்சர் பேசியதும், நீங்கள் எழுந்து நின்றதும், "சரிங்கய்யா" என்றதும் நான் சேர்த்தவை. மேலே இருந்து ஒருவர் சொல்லாமல், தானாகவே ஒரு மனிதர் அப்படி வந்து சொல்வார் என்று என்னால் நம்ப முடியவில்லை. அதனால் ஒரு போனை வைத்தேன். ஊர் நம்பியது. பாவம், அவர் என்ன செய்வார், மேலிடம் சொல்லும்போது என்று உங்களுக்காக வருத்தப்படக்கூடச் செய்தது. பத்திரிகையில் வந்தபோதும் நீங்கள் மறுக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை என்று முதலில் குழம்பினேன், இப்போது குழப்பம் இல்லை.

நாளை நான் கையெழுத்துப் போடும் தாளில் அமைச்சர் இருக்க மாட்டார். நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள்.