வள்ளலின் கைகள்

"ஹலோ... ஆமாங்க, அட்டைப்படம் செய்யறவன்தான் பேசறேன்... வணக்கம் சார், வணக்கம்... திருத்தின படம் வந்துச்சா? நல்லது... என்னது, மறுபடியுமா!"

வாரப் பத்திரிகையின் அட்டை வடிவமைப்பாளர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். 'ஆண்டின் மனிதர்' சிறப்பிதழ். அட்டையில் கல்வி வள்ளல். அந்தப் பட்டத்தை அவருக்கு வழங்கியது அவருடைய கல்லூரியேதான். மறுமுனையில் வள்ளலின் செயலாளர். வள்ளல் தலையசைத்தால்தான் படம் அச்சேறும். நாலு மணிக்குள் அச்சேறாவிட்டால் உன் வேலைக்கு உலைதான் என்று ஆசிரியர் காலையிலேயே அருள்வாக்கு சொல்லியிருந்தார். இப்போது மணி மூன்றே கால்.

"சார், முகச் சுருக்கத்தை எடுக்கச் சொன்னீங்க, எடுத்தேன்... ஆமாங்க, ஆமாங்க, மருவையும்தான். முடி நட்டேன். கண்ணு தூரத்தைப் பாக்கணும்னீங்க, திருப்பிவிட்டேன்... ஐயா ரசிச்சாரா? அப்புறமென்ன?... கையா? கைக்கு என்ன?... ஆமா, மார்புக்கு நேரா கட்டியிருக்கு. கம்பீரம் சார் அது! அட்டையில வர்ற பெரிய மனுஷங்க அத்தனை பேரும் அப்படித்தான்... யாரு, சம்பந்தியா? என்ன கேட்டாரு?... 'யார் முன்னாடி இப்படிக் கைகட்டி நிக்கிறீங்க'ன்னா... ஓ."

நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். தேய்க்கிற தேய்ப்பில் பள்ளமே விழும் போலிருந்தது.

"சரிங்க, மோவாயில கை வச்சிடறேன். சிந்தனையாளர் மாதிரி... கப்பல் கவுந்த மாதிரியா? சரி, இடுப்புல... தெருச்சண்டையா. முதுகுக்குப் பின்னாடி?... எதையோ ஒளிச்ச மாதிரி இருக்குமா... ரெய்டு போன மாசம்தான் முடிஞ்சுதா, அப்ப வேண்டாம், வேண்டாம். பாக்கெட்டுக்குள்ள விட்டுடறேன்... வள்ளல் கை பாக்கெட்டுக்குள்ள போனா வெளிய வரும்போது ஏதாவது எடுத்துட்டு வரணுமா... அதுக்கு ஐயா ஒத்துக்க மாட்டாரு, புரியுது, புரியுது. விரிச்சு வச்சா?... ஆமாமா, வள்ளல் கையை விரிச்சுட்டார்னு ஊரே சிரிக்கும்."

அச்சகத்து மேஸ்திரி கதவோரம் வந்து, கைக்கடிகாரத்தை இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார்.

"வேற படம் இல்லைங்க. ஐயா குடுத்தது மூணே நிமிஷம். அதுல ரெண்டரை நிமிஷம் போன் பேசினாரு. கிடைச்சது முகம் மட்டும்தான்... கழுத்துக்குக் கீழயா?"

குரல் தானாகவே இறங்கியது.

"சொன்னா கோபப்படக்கூடாது. அது ஐயா உடம்பு இல்லைங்க... கோட்டு எங்க ஆசிரியரோடது. உள்ள இருக்கறது நான்... ஆமா, கையும் என்னோடதுதான்... ஹலோ? ஹலோ?... ஐயாகிட்ட கேட்டுட்டா? சரி, இருக்கேன்."

இருந்தார். ஒரு யுகம் இருந்தார்.

"சொல்லுங்க சார்... என்னது, சரியா? அப்படியே போடலாமா?... ஐயாவோட கை இல்லேன்னா ஐயாவுக்கு ஆட்சேபணையே இல்லையா... சம்பந்திகிட்டயும் சொல்லியாச்சா, கட்டி நிக்கறது பத்திரிகைக்காரன்தான்னு... சிரிச்சாங்களா... ஆமாங்க... கைகட்டி நிக்க வேண்டியவன்தான் நிக்கறான்னா... ஆமாங்க..."

காலை ஒன்பது மணியிலிருந்து தவம் கிடந்த சம்மதம் கைக்கு வந்துவிட்டது. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். காது மடல் இரண்டும்தான் சுட்டன. மேஸ்திரியை, பொறு என்று கண்ணாலேயே நிறுத்தினார்.

"சார், ஒரு நிமிஷம். ஐயாவுக்குச் சம்மதம், சந்தோஷம். கைக்குச் சொந்தக்காரனை யாருமே கேக்கலையே?... விளையாடலைங்க. பதினாலு வருஷமா எத்தனையோ பெரிய மனுஷங்களுக்கு மாரும் தோளும் குடுத்திருக்கேன். ஒருத்தரும் நல்லாருக்குன்னு சொன்னதில்ல, போகட்டும். சிரிச்சதும் இல்ல... ஆசிரியர்கிட்ட சொல்வீங்களா? தாராளமா. என் நம்பரை விட அவர் நம்பர்தான் உங்களுக்கு மனப்பாடமாச்சே... இதோ, படத்துலேருந்து என்னை எடுத்துட்டேன். கோட்டோட, கையோட, மொத்தமா... முகம் பத்திரமா இருக்குங்க. அந்தரத்துல தொங்குது... கத்தாதீங்க சார். மணி மூணு நாப்பது. இன்னும் இருபது நிமிஷம் முழுசா இருக்கு. ஐயாவை அவரோட சொந்தக் கையோட புறப்பட்டு வரச்சொல்லுங்க. அதை எங்க வச்சுக்கறதுன்னு கார்ல யோசிச்சுக்கிட்டே வரட்டும்... வைக்கறேன்."