மூணாவது பை

— ஆக்சிலேட்டர்லருந்து கால எடுத்தியா இல்லையா? அதை முதல்ல சொல்லு.

— எடுக்காம என்ன பண்ணச் சொல்றீங்க? வலது பக்கச் சுவரு ‘வா தாயே, வந்து ஒட்டிக்கோ’ன்னு கூப்பிடுது. நான் பாட்டுக்கு மிதிச்சுக்கிட்டே போயிருந்தா, இந்நேரம் வண்டியைச் சுரண்டி எடுத்துக்கிட்டு இருப்பீங்க. கட்டின பொண்டாட்டியையும் சேத்து.

— நேர்கோட்டு ரேஸ்ல முதல் அறுபது அடிக்குள்ள கால எடுத்துட்டா அந்த ஓட்டம் அங்கயே செத்துப்போச்சு. அதான் விஷயம்.

— அது இல்ல விஷயம். பட்டனை விட்ட உடனே பின்னாடி வலது டயர் வழுக்குது. இடது டயர் மட்டும் தரையைப் பிடிச்சுத் தள்ளுது. மூக்கு வலது பக்கம் திரும்புது. ஆறு போட்டியா இதே பாட்டைப் பாடறேன், கேக்கத்தான் நாதியில்ல.

— உன் கால் அவசரப்படுதும்மா.

— கால் எங்க அவசரப்படும்? அது முழுசா மிதிச்சபடியே நிக்குது. வண்டியைப் பிடிச்சு வச்சிருக்கிறது ஸ்டீரிங்ல இருக்கிற பிரேக் பட்டன். பட்டனை விடுறது கை.

— சரி, கை அவசரப்படுது.

— அடேங்கப்பா! கால் இல்லைன்னா கை, கை இல்லைன்னா என் ஜாதகம். வண்டி மேல மட்டும் ஒரு குத்தம் வராதே உங்க வாயிலருந்து.

— வண்டியைத்தான் ஒவ்வொரு தடவையும் மாத்துறேனே. டயர்ல காத்தை அரைப் பவுண்டு குறைச்சேன். பின் ஷாக்கை ரெண்டு கிளிக் இறுக்கினேன். கிளம்புற ஆர்.பி.எம். ஐயாயிரத்து இருநூறு இருந்ததை நாலாயிரத்து எண்ணூறுக்கு இறக்கினேன். இன்னும் என்ன பண்ண?

— இதையெல்லாம் பண்ணியும் எவ்வளவு வந்துச்சு? சொல்லுங்க பாப்போம்.

— அறுபது அடிக்கு ஒன்னு புள்ளி ஐம்பத்திரண்டு செகண்டு.

— தேறுமா?

— தேறாது. நான் ஓட்டினப்ப ஒன்னு புள்ளி முப்பத்திரண்டு.

— வந்துட்டாரு, ‘நான் ஓட்டினப்ப’! அந்த முப்பத்திரண்டுக்கு அடுத்த ஓட்டத்துல என்ன ஆச்சுன்னும் சொல்லுங்க.

— சுவரு.

— ஆங். கழுத்துல பட்டையைக் கட்டிக்கிட்டு நாலு வாரம் மோட்டுவளையைப் பாத்துக்கிட்டுக் கிடந்தீங்க. அந்தச் சீட்டைக் காலியா விடக்கூடாதுன்னுதானே என்னை ஏத்திவிட்டீங்க? ‘நான் தேறி வர்ற வரைக்கும் ஓட்டும்மா, முதலாளி வேற ஆள் தேடிடுவாரு’ன்னு கெஞ்சினது யாரு?

— நான்தான். இல்லைன்னா சொன்னேன்?

— அப்ப கேளுங்க. நாளைக்குப் போட்டிக்குப் பதினாறு வண்டிதான் உள்ள போகும். நாம இருபத்தொன்னுல நிக்கிறோம். மிச்சம் இருக்கிறது ஒரே ஓட்டம், நாலு மணிக்கு. நீங்க டயரைத் துடைக்கப் போனப்ப முதலாளி வந்தாரு. ‘இன்னிக்கு உள்ள வரலைன்னா அடுத்த மாசம் வேற ஆள உக்காரவைக்கிறதா இருக்கேன்’னாரு. என் மூஞ்சியைப் பாத்துக்கூடச் சொல்லல.

— அவரு எப்பவும் டயரைப் பாத்துத்தான் பேசுவாரு.

— எங்க பாத்துச் சொன்னா என்ன, சொன்னது சொன்னதுதானே. எனக்கு இந்தச் சீட்டு வேணும். வெளிப்படையாவே சொல்றேன். முதல்ல உங்களுக்காகத்தான் ஏறினேன். இப்ப அப்படி இல்ல. காலையில எந்திரிச்சா இதுதான் நினைப்பா இருக்கு.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— தூக்கத்துல பட்டனை விடுற. என் விலாவுல.

— சிரிக்காதீங்க. மணி மூணு பத்து. ஏதாவது பண்ணுங்க.

— பக்கத்துக் கொட்டகையில தராசு வாங்கிட்டு வந்திருக்கேன். நாலு சக்கரத்துக்கும் அடியில வச்சாச்சு. எந்தச் சக்கரத்துல எவ்வளவு எடை நிக்குதுன்னு இன்னொரு தடவை பாத்துடுறேன். நீ போய் டைம் சீட்டு வாங்கிட்டு வா.

— டைம் சீட்டு என் கையிலதான் இருக்கு.

— அப்ப ஒரு டீ குடிச்சிட்டு வா.

— எதுக்கு என்னைத் துரத்துறீங்க? எடை பாக்கணும்னா ஓட்டுற ஆளு உள்ள உக்காரணும். ஆளு இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்.

— நீ வேணாம், மணல் பை போதும். நீ உக்காந்தா ஆடுவ, பேசுவ. பை ஆடாது, பேசாது.

— இந்தப் புத்தி கல்யாணத்துக்கு முன்னாடி வந்திருந்தா ஒரு பையையே கட்டிக்கிட்டிருக்கலாம். நகருங்க, பையை நானே எடுத்து வைக்கிறேன்.

— அட, விடு, கனமா இருக்கும். நான் எடுத்துக்கிறேன்.

— கழுத்து ஒடிஞ்ச ஆளு தூக்குவாரு, நான் வேடிக்கை பாக்கணுமா? எத்தனை பை?

— அங்க இருக்கிறதை வை.

— அப்பாடி... ஒன்னு. ரெண்டு. இது என்னங்க, மூணாவது?

— அதையும்தான்.

— பை மேல உங்க கையெழுத்துல இருபத்தெட்டு கிலோன்னு எழுதியிருக்கு. மூணுலயும். மூணு இருபத்தெட்டு எவ்வளவு?

— நேரமாகுதும்மா.

— எவ்வளவுங்க?

— எண்பத்திநாலு.

— நான் எவ்வளவு?

— மறந்துட்டேன்.

— உங்களுக்கா மறந்துச்சு? ஹெல்மெட்டு, சூட்டு, ஷூ எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு நான் ஐம்பத்தாறு. போன மாசம் இதே தராசுல ஏத்திப் பாத்துட்டு ‘ஊதினா பறந்துருவ’ன்னு சிரிச்சீங்க. எனக்கு ரெண்டு பை போதும். அப்ப இந்த எண்பத்திநாலு யாரு?

— நான்.

— வாய்ல நல்லா வருது. நாலு பேரு நடமாடுற இடமாப் போச்சு.

— ஆரம்பத்துல வேணும்னு பண்ணலம்மா. நீ முதல் தடவை ஏறினப்ப என் எடைக்கு இருந்த செட்டிங் அப்படியே இருந்துச்சு. ரெண்டு மாசத்துல நான் திரும்பி ஏறிடுவேன், எதுக்கு எல்லாத்தையும் கழட்டி மாட்டணும்னு விட்டுட்டேன்.

— ரெண்டு மாசமா? எட்டு மாசம் ஆச்சு.

— ஆமா.

— எட்டு மாசமா ஒவ்வொரு போட்டிக்கும் முன்னாடி எடை பாத்திருக்கீங்க. மூணாவது பையைக் கையால தூக்கி வச்சிருக்கீங்க. நான் இல்லாத நேரமாப் பாத்து.

— ஆமா.

— அப்புறம் இறங்கி வந்த உடனே ‘உன் கால் சரியில்ல’ன்னு சொல்லியிருக்கீங்க. நானும் உண்மைன்னு நம்பிட்டு, வீட்டுல செருப்பை மிதிச்சு மிதிச்சுப் பழகிக்கிட்டுக் கிடந்தேன். உங்க தங்கச்சி பாத்துட்டு, ‘அண்ணிக்கு என்ன ஆச்சு, பேய் பிடிச்சிடுச்சா’ன்னு கேக்கிறா. நான் என்ன இந்த வண்டிக்கு ஒப்புக்குச் சப்பாணியா?

— ஒரு தடவை ரெண்டு பையோட நிறுத்திப் பாத்தேன். நெசமாத்தான் சொல்றேன். ராத்திரி கொட்டகையில இல்ல, பட்டப்பகல்ல, இதே மாதிரி வெயில்ல. ரெண்டு பை வச்சதும் வலது பின் சக்கரத்துல எண் இறங்கிப்போச்சு. அதுக்கு ஏத்தாப்புல பின் அச்சைப் பிடிச்சிருக்கிற லிங்க் கம்பியைத் திருப்பணும். ஸ்பானரைப் பிடிச்சேன். திருப்பிட்டா இந்த வண்டியில எனக்கு இடமில்லைன்னு ஆயிடும்ல? மூணாவதைத் தூக்கி வச்சுட்டேன்.

— சுவத்துல போய் முட்டியிருந்தா?

— அதை நினைக்காத நாளில்ல.

— நினைச்சுக்கிட்டே வச்சீங்களா?

— நீ கால எடுத்துருவன்னு தெரியும். என்னை மாதிரி கிறுக்கு இல்ல நீ.

— நல்லா இருக்கு நியாயம். கால எடுத்ததுக்குத் திட்டும் வாங்கணும், எடுப்பேங்கிற நம்பிக்கையில என்னை அனுப்பவும் செய்வீங்க.

— தப்புதான். பெரிய தப்பு. என்ன வேணா சொல்லு, கேட்டுக்கிறேன். ஆனா மணி மூணேகால்.

— வீட்டுல வச்சுக்கிறேன் உங்களை. இப்ப ஏறி உக்காரப்போறேன். எண்ணைப் படிங்க.

— பைகளை இறக்கிட்டு உக்காரு. ஸ்டீரிங்கைப் பிடிச்சுக்கோ. ஆடாத... இடது பின் சக்கரம் இருநூத்தி அறுபது. வலது பின் சக்கரமும் இருநூத்தி அறுபது.

— சமமாத்தானே இருக்கு?

— நிக்கிறப்ப சமம். பட்டனை விட்ட உடனே இன்ஜின் முறுக்கு வலது டயரைத் தரையிலருந்து தூக்கப் பாக்கும். அதனால அங்க இடதை விடப் பன்னெண்டு கிலோ கூடுதலா அழுத்தி வைக்கணும். என் எடையில அந்தப் பன்னெண்டு இருந்துச்சு. நீ உக்காந்தா அது காணாமப் போகுது. அதான் விஷயம்.

— எட்டு மாசம் கழிச்சு இப்பத்தான் நிஜமாவே விஷயத்தைச் சொல்றீங்க.

— வலது மேல் லிங்க்கை அரைச் சுத்து திருப்புறேன். நீ எண்ணை மட்டும் பாரு... இப்ப?

— கதவு வழியா எட்டிப் பாத்தா ஆடுவேனே.

— பரவால்ல, பாரு.

— வலதுல அறுபத்தஞ்சு.

— இன்னும் கொஞ்சம்... ஏம்மா, டாக்டரம்மா உன் நம்பருக்குத்தானே கூப்பிடுறேன்னாங்க? என் கழுத்தை ஸ்கேன் எடுத்து மூணு வாரம் ஆச்சு. ஒன்னும் வரலையா?

— வந்தா சொல்லாமயா இருப்பேன்? நட்டைத் திருப்புங்க, நேரமாகுது.

— இப்ப எவ்வளவு?

— வலது அறுபத்தாறு, இடது ஐம்பத்துநாலு.

— பன்னெண்டு! நிறுத்து. நட்டை இறுக்கிட்டேன். டயர்ல அந்த அரைப் பவுண்டைத் திரும்ப ஏத்திடுறேன். ஷாக்கையும் பழையபடி தளர்த்திடுறேன். அதெல்லாம் இல்லாத நோய்க்குக் கொடுத்த மருந்து.

— ஆர்.பி.எம்.?

— அதை நீ சொல்லு.

— என்னையா கேக்குறீங்க?

— ஓட்டப்போறது நீதானே.

— ஐயாயிரத்து முந்நூறு.

— எனக்கே ஐயாயிரத்து இருநூறுதான்.

— நான் இருபத்தெட்டு கிலோ குறைச்சலு. ஐயாயிரத்து முந்நூறு வைங்க.

— வச்சாச்சு, மகராசி. பெல்ட்டைப் போடு, வரிசையில கூப்பிடுறாங்க.

— ரேடியோ கேக்குதா?

— கேக்குது. தண்ணியைத் தாண்டி நிறுத்து. டயர் சூடாகுற வரைக்கும் சுத்து. இன்னும்... இன்னும்... போதும், புகை நல்லா வந்துடுச்சு. நேரா முன்னாடி வா.

— கோட்டுக்கு வந்துட்டேன். ஏங்க, கண்ணு சுவத்துப் பக்கமே போகுது.

— போகும். பட்டனை விடும்போது திரும்பிடும். எனக்கும் அப்படித்தான்.

— இதை ஒரு நாளும் சொன்னதில்லையே.

— கேட்டாத்தானே. சுவத்தைப் பாக்காத, விளக்கைப் பாரு. நான் வாயை மூடிக்கிறேன்.

— மிதிச்சுட்டேன்.

— ...

— ஏங்க! முடிஞ்சுது, வண்டி மெதுவாயிடுச்சு. என்ன வந்துச்சு? பேசுங்களேன்!

— நேராப் போச்சும்மா. நூல் பிடிச்சாப்புல போச்சு.

— நேராப் போனது எனக்குத் தெரியாதா? உள்ள நான்தானே இருந்தேன். நம்பரைச் சொல்லுங்க.

— அறுபது அடி ஒன்னு புள்ளி இருபத்தொன்பது.

— பொய்.

— பெத்த பொண்ணு மேல சத்தியமா. போர்டுல பதிமூணாவதா நிக்கிறோம். நாளைக்கு ஓடுறோம்.

— ஐயோ... ஐயோ, எனக்கு அழுகையா வருது. ஹெல்மெட்டுக்குள்ள துடைக்கக்கூட முடியல.

— அழு. பக்கத்துக் கொட்டகைக்காரரும் இங்க கண்ணைத் துடைக்கிறாரு, தராசு குடுத்த புண்ணியவான். கேளு, நீ வரிசையில நின்னப்பவே நான் ஒரு வேலை பண்ணிட்டேன். அந்த மூணாவது பையை அறுத்துட்டேன். கொட்டகை வாசல்ல எண்ணெய் சிந்தியிருந்துச்சுல்ல, மணலை அதுல கொட்டிக் கூட்டித் தள்ளிட்டேன்.

— எதுக்குங்க அவ்வளவு அவசரம்?

— இருந்தா மறுபடி தூக்கி வைப்பேன். என்னை எனக்குத் தெரியாதா? முதலாளிகிட்டயும் போய்ச் சொல்லிட்டேன், இனிமே அவதான் ஓட்டுவா, நான் கீழ நின்னு வேலை பாத்துக்கிறேன்னு. அவரும் டயரைத் தட்டிக்கிட்டே, உள்ள வந்தா சரின்னாரு, பேப்பர்ல எழுதிக்கிட்டாரு. எனக்கு வருத்தமில்லம்மா. இந்தக் கழுத்து இனி தேறாது, தேறுற கழுத்தா இருந்தா டாக்டரம்மா இவ்வளவு நாள் கூப்பிடாமலா இருப்பாங்க?

— ஏங்க.

— சொல்லு.

— இந்த ரேடியோவை வேற யாராவது கேக்குறாங்களா?

— இல்ல, நீயும் நானும்தான். ஏன்?

— போன செவ்வாய்க்கிழமையே டாக்டரம்மா கூப்பிட்டாங்க. கழுத்து நல்லா கூடிடுச்சாம், நீங்க தாராளமா ஓட்டலாமாம். என் சீட்டு போயிடுமேன்னு நான்தான் உங்ககிட்ட சொல்லாம வச்சிருந்தேன்.