கேப்டன் பட்டம்

தொண்ணூறுகளின் கடைசி. மூன்றாம் வகுப்போடு நின்ற நான் சொந்த உழைப்பில் வாங்கிய லாரிகள் இரண்டும் வெளியூர் போயிருந்தன. அதனால் நஞ்சன்கூட்டிலிருந்து மைசூருக்குப் பஸ்ஸில் வந்தேன். முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள்.

“புதுசா வந்தவங்கள்ல பெஸ்ட்டுன்னு குடுப்போமே, அந்தப் பட்டத்தை மறுபடி ஆரம்பிக்கலாம் குரு. அதை நிறுத்தினதிலிருந்து யாரும் சேரல. இப்படியே போனா ஆட்டத்தையே மூட வேண்டியதுதான்.”

நிஜக் கிரிக்கெட் ஆட்டக்காரர்களில் பதினோரு பேரைப் பொறுக்கி, ஆளுக்கொரு டீமாக இன்டர்நெட்டில் போடுவார்களாம். அந்தப் பதினோரு பேர் எடுக்கும் ரன்தான் இவர்களுக்குப் புள்ளி. படித்தவனுக்கே புரிய நாளாகும். எனக்குப் பாதி வழியில் கடகோளா ஊர் வருவதற்குள் புரிந்துவிட்டது.

“இந்த வருஷம் சேர்ந்தது ஒரே ஆள். அதுவும் எங்கப்பா,” என்றான் ஜன்னலோரத்தில் இருந்தவன். “ரிட்டயர் ஆகி வீட்ல இருக்கற ஆட்டக்காரங்களையெல்லாம் டீம்ல போட்டு முட்டை வாங்கிட்டிருக்காரு.”

“அவருக்கே குடுப்போம்.”

“சிரிப்பாங்க மாராயா.”

“சிரிக்கட்டும். பட்டம் வாங்கினவனை ஒரு வருஷம் எல்லாரும் கேப்டன்னு கூப்பிடணும், அதானே வழக்கம்? நீ வாங்கினப்போ எப்படி இருந்துச்சு?”

ஜன்னலோரத்தில் இருந்தவன் ஷட்டரை இறக்கிவிட்டுத் திரும்பினான்.

“அப்போ அப்பாவுக்கு இந்த ஆட்டமே புரியாது. ஆனாலும் வருஷம் பூரா, ‘கேப்டன், சாப்பிட வா’ன்னுதான் கூப்பிட்டாரு.”

“அப்புறம் என்ன யோசனை?”

“இன்னிக்கே எல்லாருக்கும் மெயில் போட்டுடு. வீட்ல அவரைக் கேப்டன்னு நான் கூப்பிட்டுக்கறேன்.”