புரட்டாசியில் கருடன் பார்க்கப் போனது

"ஹலோ... ஆமாக்கா, வந்துட்டோம், வந்துட்டோம்... இல்ல, இன்னும் உள்ள போகல. கேட்டுப் பக்கத்துலதான் நிக்கிறோம். நல்ல காத்து."

தங்கம் கேட்டருகே நிற்கவில்லை. சிங்கப்பூர்ப் பறவைச் சரணாலயத்தின் திறந்தவெளி அரங்கில், இரண்டாவது வரிசையில், நட்டநடுவே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளைப் பையன் கபிலன். அவனுக்கு அந்தப் பக்கம் அவன் அம்மா மங்கையர்க்கரசி, மஞ்சள் புடவையும் நெற்றியில் சின்ன நாமமுமாக. எதிரே புல்தரை, அதற்கப்பால் அலையாத்திக் காடு. இன்னும் சற்று நேரத்தில் இங்கே கழுகுகளுக்கும் பருந்துகளுக்கும் இரை போடுவார்கள். போடப்போவது தங்கத்தின் அக்கா மகள் ரக்ஷனா.

"...ஆமா... ஆமா, ஞாபகம் இருக்குக்கா. புரட்டாசில பொண்ணு பாக்கக்கூடாது. இது பொண்ணு பாக்குறது இல்ல. சனிக்கிழமையும் அதுவுமா கருடனைக் கும்பிட வந்தோம். வந்த இடத்துல பொண்ணு தற்செயலா கண்ணுல பட்டுச்சு. சரியா?... அதான் சொல்றேன், நீ மார்சிலிங் வீட்டுலயே இரு. பெத்தவளும் வந்து நின்னா அப்புறம் அது எப்படித் தற்செயல்?... ம்... ம்... இரை போடுற பக்கமே போகமாட்டோம். மரத்துல உக்காந்திருக்குறதைக் காட்டிட்டு அப்படியே திருப்பிக் கூட்டிட்டு வந்துடுவேன்... பச்சை சல்வார்தான், ஆமா. கேண்டீன்ல உக்காந்து கோப்பி குடிக்கிறா. லட்சணமா இருக்கா."

ரக்ஷனா அந்நேரம் மேடைக்குப் பின்னால், காக்கிச் சட்டையில், முழங்கை வரை தோலுறை மாட்டிக்கொண்டிருந்தாள். பெண் சரணாலயத்து ஆபீஸில் கணக்குப் பார்க்கிறாள் என்றுதான் அக்கா மாப்பிள்ளை வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். வாளி நிறையச் செத்த கோழிக்குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு அலைகிற வேலை என்று, புரட்டாசி முழுக்க முட்டை வாங்கிய பையைக்கூட வீட்டுக்குள் விடாத குடும்பத்தில் எப்படிச் சொல்வது? கபிலனுக்கு மட்டும் தெரியும். அவனும் அவளும் முன்பே பேசிப் பழகியவர்கள். ஆனால் அம்மாவிடம் அவன் வாயைத் திறந்ததில்லை.

காலையில் ரக்ஷனா தன் சித்தியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தன்னை வேலை செய்யும்போதே அவர்கள் பார்க்க வேண்டும். வாளியோடு பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் போகட்டும். மறைத்து வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் போய் வாழ அவளால் முடியாது. அவள் பேச்சு பிடித்துப்போய் ஒப்புக்கொண்டாளா, அக்காவை ஏய்க்கக் கிடைத்த வாய்ப்பு பிடித்துப்போய் ஒப்புக்கொண்டாளா என்று தங்கத்துக்கே தெரியாது. உடனே சரி என்றுவிட்டாள்.

"...அவங்களா? நல்லாத்தான் பேசுறாங்க... இல்ல லா, கோவக்காரி மாதிரி தெரியல. புளியோதரை கட்டிட்டு வந்தாங்க. டாக்சியிலயே எனக்கும் குடுத்தாங்க... உப்பு கொஞ்சம் கம்மி... அவங்ககிட்ட சொல்லல! நான் ஏன் சொல்லப்போறேன்?"

மங்கையர்க்கரசி திரும்பிப் பார்த்தார். தங்கம் பல்லைக் காட்டினாள்.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. எல்லாரையும் ஆங்கிலத்தில் வரவேற்ற குரல், இன்றைக்குப் பருந்துகளுக்கு இரை போடப்போகிறவர் நம்முடைய ரக்ஷனா என்று அரங்கு அதிரச் சொல்லி முடித்தது.

"...என்ன சத்தமா? டிவிக்கா. கேண்டீன்ல டிவி ஓடுது... பேரு சொன்னாங்களா? எனக்குக் கேக்கலையே... அட, சிங்கப்பூர்ல ஒரே ஒரு ரக்ஷனாதானா? எங்க புளோக்லயே ரெண்டு இருக்கு. ஒண்ணு தினமும் ஸ்கூல் பஸ்ல அழுதுக்கிட்டே ஏறும்... அக்கா... அக்கா, கத்தாத, காது போயிடும்... சரி. சரி, ஆமா. உன் மகதான்... கேண்டீன்ல இல்ல... பச்சை சல்வாரும் இல்ல... ஆமாக்கா. வாளியோடதான்."

போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். அப்படியும் அக்காவின் குரல் வந்தது. கபிலன் நகர்ந்து உட்கார்ந்தான்.

ரக்ஷனா புல்தரைக்கு வந்து விசில் ஊதினாள். காட்டுக்கு மேலிருந்து ஒரு கருடன், வெள்ளைக் கழுத்தும் செம்மண் நிற இறக்கையுமாக வந்து, அரங்கை ஒருமுறை வட்டமிட்டது. மங்கையர்க்கரசி சட்டென்று எழுந்து, "கோவிந்தா, கோவிந்தா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். இங்கே இதுதான் முறை போலும் என்று நினைத்துப் பின்வரிசைச் சீனக் குடும்பமும் எழுந்து கன்னத்தில் தட்டிக்கொண்டது.

"...கும்பிட்டாங்கக்கா! எல்லாருமே கும்பிடுறாங்க. ஒரு வரிசையே எந்திரிச்சு நின்னு கும்பிடுது, சத்தியமா!... இரு. இருக்கா. கீழ இறங்குது..."

கருடன் நேரே ரக்ஷனாவின் கையில் வந்து அமர்ந்தது. தோலுறைமேல் இருந்த மஞ்சள் குஞ்சைக் காலால் அழுத்திக்கொண்டு அலகால் கிழித்தது. கபிலன் கண்ணை மூடிக்கொண்டான். மறுபடி கன்னத்துக்குப் போன மங்கையர்க்கரசியின் கை பாதி வழியில் நின்றது.

"...சாப்பிடுது... கோழிக்குஞ்சுதான்... முழுக்குஞ்சு... ஆமா, பாத்துட்டாங்க... முகத்துல ஒண்ணும் தெரியலக்கா. மாப்பிள்ளைதான் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்காரு... ஐயையோ, எந்திரிச்சுட்டாங்க. கீழ இறங்கிப் போறாங்க... அவகிட்டதான்... நானும் பின்னாடியே போறேன், இரு."

கயிற்றுத் தடுப்பருகே போய் மங்கையர்க்கரசி நின்றார். ரக்ஷனா கையில் கருடனோடு அவருக்கு எதிரே வந்து நின்றாள். கும்பிடக் கை ஒழியாததால் தலையை மட்டும் தாழ்த்தினாள்.

"...ஷ்ஷ், கேக்கவிடு... அலாமா! புரட்டாசியிலகூட இதைத் தொடுவியான்னு கேக்குறாங்க... நானா? நான் எப்படிக்கா நடுவுல போறது? அவ கையில கருடன் இருக்கு, கண்ணைக் கொத்திடும்... உன் மக வேற என்ன சொல்லும்? தொடுவேன், இதுங்களுக்குப் புரட்டாசி தெரியாது, தெனமும் பசிக்கும்னுட்டா. இங்கயே குளிச்சிட்டுத்தான் வீட்டுக்கு வருவாளாம். ஆனா வேலையை விடமாட்டாளாம்... அப்படியேதான் சொன்னா, ஒரு வார்த்தை மாத்தல... அழாதக்கா... அழாத, அவங்க இன்னும் ஒண்ணுமே சொல்லல."

கருடன் மிச்சமிருந்த காலையும் விழுங்கிவிட்டு இறக்கையை உதறியது. மங்கையர்க்கரசியின் புடவையில் குஞ்சின் மஞ்சள் பஞ்சு ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. அவர் அதைத் தட்டிவிடவில்லை.

"...மாப்பிள்ளை வந்துட்டாரு. இந்த வேலைதான்னு தனக்கு முன்னாடியே தெரியும்ங்கிறாரு... ம், இப்பதான் வாய் வந்திருக்கு... அவங்க அவரை மேலயும் கீழயும் பாக்குறாங்க... அக்கா. அக்கா, அழுகையை நிறுத்திட்டுக் கேளு! அவரைத்தான் திட்டுறாங்க! பெருமாளோட வாகனத்துக்குப் புரட்டாசியில ஒரு பொண்ணு சோறு போடுது, அதைப் போய் எங்கிட்ட மறைச்சியேன்னு போடு போடுன்னு போடுறாங்க... நான் ஏன்க்கா பொய் சொல்றேன்?... சரி, பச்சை சல்வார் பொய்தான். இது நெசம்."

திட்டி முடித்த கையோடு மங்கையர்க்கரசி தங்கத்தின் பக்கம் திரும்பினார். ஆபீஸ், கணக்கு என்றெல்லாம் சொன்னது யார் என்று கேட்டார். தங்கம் கண்ணைக்கூட இமைக்காமல் கையிலிருந்த போனைக் காட்டினாள்.

"...அக்கா, உன்னைத்தான் கேக்குறாங்க... ஆபீஸ்னு சொன்னது யாருன்னு... நான் வேற என்ன சொல்ல? அக்காதான், லைன்லயே இருக்கான்னுட்டேன்... வெச்சிடாத, வெச்சிடாத! கையை நீட்டிட்டாங்க. போனைக் குடுக்கப்போறேன்... கோவமாவா? தெரியலையே... மூஞ்சி கொஞ்சம் கடுகடுன்னுதான் இருக்கு..."

மூஞ்சி ஒன்றும் கடுகடுவென்று இல்லை. மங்கையர்க்கரசி வாய்நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிக் காதில் வைத்தார்.

"ஹலோ, சம்பந்தியம்மா..."

மார்சிலிங்கில் அதற்குள் அக்கா லைனைத் துண்டித்திருந்தாள்.