ஐம்பத்தைந்து டிகிரி

கறுப்பு பீரை ஐஸில் புதைத்து எடுத்துக் கொடுக்கக் கூடாது, ஐயா. அதிகம் குளிர்ந்தால் வறுத்த தானியத்தின் வாசனை செத்துப்போய், கசப்பு மட்டும் நாக்கில் நிற்கும். வெதுவெதுப்பாக இருந்தாலும் வாயில் வைக்க முடியாது. பாரன்ஹீட்டில் ஐம்பத்தைந்து டிகிரிதான் சரி. எங்கள் துரை சொன்ன கணக்கு அது.

துரை வெள்ளைக்காரர், தோல் பதனிடுகிற ஷாப்பில் மானேஜர். மதுவிலக்கு இருந்தாலும் அவருக்குப் பெர்மிட் உண்டு. பதினோரு வருஷம் நான்தான் அவருக்குச் சமையல், மேசை எல்லாம். ஐஸ்பெட்டியிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைப்பேன். கிளாசில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்துத்தான் கொண்டுபோவேன். சில நாள் இரண்டு டிகிரி கூடும், சில நாள் குறையும். துரை ஒன்றும் சொல்லமாட்டார். நன்றாக இருக்கிறது என்றும் ஒருநாள்கூடச் சொன்னதில்லை.

ஐம்பத்தேழாம் வருஷம் என் தங்கை அமலராணியின் புருஷன் இஞ்ஞாசியை நானே பங்களா வேலைக்குச் சேர்த்துவிட்டேன். அகரத்தில் பூந்தோட்டக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவன். எழுதப் படிக்கத் தெரியாது. ஒருநாள் பாட்டிலை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது இன்னும் செத்த நேரம் இருக்கணும் மச்சான்" என்றான். தெர்மாமீட்டரை விட்டேன். ஐம்பத்திரண்டு. அடுத்த பாட்டிலைப் பிடித்துக்கொண்டே நின்றவன், "இப்ப ஊத்துங்க" என்றான். ஐம்பத்தைந்து.

விஷயம் துரைக்குத் தெரிந்தது. விருந்தாளிகள் வரும்போதெல்லாம் இஞ்ஞாசியைக் கூப்பிட்டுச் சோதித்துப் பார்ப்பார்கள். அவன் கை தவறியதே இல்லை. "மிக்கேல், இனிமே பாட்டில் எல்லாம் அவன் பாக்கட்டும்" என்றார் துரை. நல்லதுதானே, எனக்கு வேலை குறைந்தது.

"அண்ணே, தொரை எங்க வீட்டுக்காரவுக கையைப் பிடிச்சுக் குலுக்குனாராமே" என்று அமலராணி வந்து சொன்னாள். முகமெல்லாம் பூரிப்பு. நானும் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். அன்றைக்கு வெஞ்சனத்தில் உப்பு கூடியிருந்தது, சாப்பிட முடியவில்லை.

ஜூலை மாதம் ரொட்டி அடுப்பிலிருந்து இரும்புத் தட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். "ஆறிருச்சு மாப்ளே, எடு" என்றேன். அவன் என் பேச்சை நம்புகிறவன். துணி வைக்காமல் வலது கையால் அழுத்திப் பிடித்தான்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது நான்தான். நாற்பது நாள் பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டியதும் நான்தான். புண் ஆறியது. ஆனால் உள்ளங்கைத் தோல் தடித்து, சூடும் குளிரும் தெரியாமல் போயிற்று. அதோடு முடிந்தது என்றுதான் நிம்மதியாக இருந்தேன்.

அவன் சும்மா இருந்திருக்கலாம். கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம், இடது கையைப் பாட்டில்மேல் வைத்துக் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தான். "இந்தக் கையும் பழகிருச்சு மச்சான்" என்றான். தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

தோல் ஷாப்பில் திராவகம் கிடைப்பது கஷ்டமில்லை. கிளாஸ் கழுவுகிற தொட்டியில் அதை ஊற்றி வைத்தேன். வலது கை மடங்காததால் இடது கையைத்தான் உள்ளே விடுவான் என்று எனக்குத் தெரியும். விட்டான்.

டாக்டர் சந்தேகப்பட்டு உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லி அனுப்பினாராம். அப்போதுகூட இஞ்ஞாசி, "மச்சான் அப்பிடிச் செய்யிற ஆளு இல்ல" என்று சொல்லியிருக்கிறான். அமலராணிதான் என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். இத்தனைக்கும் அவர்கள் இருவருக்கும் ஆயுசு முழுக்கக் கஞ்சி ஊற்ற நான் தயாராக இருக்கிறேன்.

இரண்டு கையையும் கெடுத்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொறாமையால் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள் ஐயா. எழுத்துக்கூட்டத் தெரியாத ஒருவன்மேல் எனக்கென்ன பொறாமை?