யோசேப்பு சாரு படத்துக்குச் சாட்சி

பேனா எங்கிட்டயும் இருக்கு தாயி, பேனாவுக்காவ யோசிக்கல. நீங்க மொதல்ல அந்த மோரக் குடிங்க. ஒரு கையெழுத்துதானன்னு லேசாச் சொல்லுதிய. எங்க, அந்தப் பேப்பர இன்னொரு மட்டம் பையப் படிங்க, கேப்போம்.

ஆங். நாத்து நடுத செல்லக்கிளி படத்த, கண்ணு உள்பட பூராவும் யோசேப்பு சாருதான் வரஞ்சாரு, நான் பக்கத்துல நின்னு பாத்தேன், இப்படிக்கு சங்கிலிபூதத்தான். நான் போட்டா போலந்துல அவரு பொறந்த ஊரு மியூசியத்துல மாட்டுவாவ. போடலன்னா சென்னையில ஒங்க ஆபீஸ்லயே கெடக்கும். அப்படித்தான? அவரு எழுதி வச்ச நோட்டுலயே எம் பேரு இருக்குங்கிய. சங்கிலி பாத்தான், சங்கிலியக் கேளுங்கன்னு. ம். எழுதிருப்பாரு. அப்படித்தான் எழுதிருப்பாரு.

போடமாட்டேன்னு நான் இன்னும் சொல்லலியே. அவரப் பத்திக் கேக்கணும்னுதான வந்திய, கேளுங்க.

எனக்கும் தொழிலு வர்ணந்தான். கோயில் கொடை வந்தா சுடலைமாடனுக்கும் பேச்சியம்மனுக்கும் பூசுவேன். கொடை இல்லாத மாசம் கடை போர்டு, தண்ணித் தொட்டி, எலெக்சன் சுவரு. அன்னைக்கு ரோட்டோரச் சுவத்துல சிமெண்டு விளம்பரம் எழுதிக்கிட்டு நிக்கேன், திருச்செந்தூர் போற பஸ்ஸு டயர் வெடிச்சு நிக்கி. சனம் பூரா கண்டக்டரு கூடச் சண்ட போடுது. இந்த மனுசன் மட்டும் இறங்கி, செருப்பக் கையில புடிச்சுக்கிட்டு வரப்புல நின்னு நடுவையப் பாக்காரு. பஸ்ஸு போயிட்டு. இவரு போகல. ஒம்பது வருசம் போகல. எடையில விசாவுக்குப் போயிட்டுப் போயிட்டு வருவாரு, அது வேற.

முழுப் பேரு இங்கன ஒருத்தன் வாயிலயும் நுழையல. யோசேப்புன்னு ஆக்கிட்டோம். அவருக்கும் புடிச்சுப் போச்சு. என்னைய தெனக்கூலிக்கு வச்சுக்கிட்டாரு. சட்டத்துல படத்துணி இழுத்துக் கட்டணும், குடை புடிக்கணும், டிவிஎஸ்ல வச்சு வயலு வயலாக் கூட்டிட்டுப் போகணும். தமிழு எங்கிட்டத்தான் படிச்சாரு. அதான் அவரு வாயில ஏலே வந்துச்சு, சவத்த விடு வந்துச்சு.

அவுக அப்பா குதிரை பூட்டி உழுத சம்சாரியாம். அம்மா உருளைக்கிழங்கு தோண்டுவாளாம். இருபது வயசுல இருந்து அதத்தான் வரஞ்சிருக்காரு. கிழங்கு தோண்டுதவ, புல்லு அறுக்கவன், பனியில விறகு சுமக்கவ. பெறவு மெசினு வந்துட்டு, நிலத்த வித்துட்டாவ, குனிஞ்சு வேல செய்ய ஊருல ஆளில்ல. அந்த முதுகத் தேடித்தான் வந்தேன் சங்கிலின்னாரு. நாத்துப் பறிக்கதையும் நடுததையும் ரெண்டு நாளு இவரே சேத்துல எறங்கிச் செஞ்சாரு. பொம்பளையாளுவ வெள்ளக் கொக்கு, வெள்ளக் கொக்குன்னு குலவ போட்டுச் சிரிச்சாளுவ. மூணாம் நாளு நிமிர முடியாமப் படுத்துட்டாரு. அப்படிப்பட்ட ஆளு தாயி, பகுமானம் கெடையாது.

ஆமா, ஒரு படத்துலயும் கண்ணு இருக்காது. ஒங்களுக்கே தெரியுமே. முதுகு இருக்கும், கெண்டக்காலு இருக்கும், கொண்டை இருக்கும். காலப் பாத்தே இது இசக்கியம்மா, இது முத்துராணின்னு ஊரே சொல்லும். ஆனா மூஞ்சியில கண்ணு இருக்க எடம் சும்மா தடவி விட்டிருப்பாரு. ஏன் சாருன்னு கேட்டேன். குனிஞ்சு வேல செய்யுதவ என்னைய எங்க பாத்தா, நான்தான அவளப் பாத்தேன், பாக்காத கண்ண வரஞ்சா அது பொய்யின்னாரு. நாப்பது வருசமா அந்தப் பொய்ய மட்டும் அவரு சொன்னதில்ல. அவரு தொழிலுல இருந்த நேம நிட்டை அதுதான்.

செல்லக்கிளிதான் அவருகிட்ட வம்பு பண்ணுவா. நடுவக்காரிக்கெல்லாம் கொத்து அவ, ஆளு சேத்துக் கூட்டிட்டுப் போறவ. நடுதவளுக்குக் கண்ணு தெரியாண்டாமா சாரு, எனக்கு மட்டும் வச்சிருங்கன்னு கேப்பா. இவரு சிரிப்பாரு. படம் முக்காவாசி முடிஞ்சிட்டு. ஐப்பசி மாசம், பிசான நடுவ நேரம். வேல முடிஞ்சு லோடு ஆட்டோவுல திரும்பி வாராளுவ, வளைவுல கவுந்துட்டு. நாலு பேருக்குக் கை காலு ஒடிஞ்சிட்டு. இவ ஒருத்திதான் போயிட்டா.

அவ புருசன் ஐயம்பெருமாளு சாயங்காலமானா சாரு வீட்டுக்கு வந்து படத்துக்கு எதிர உக்காந்துருவான். அவன்கிட்ட அவ போட்டோ வேற இல்ல. ஆதார் கார்டுல இருக்கவ அவளே இல்ல, அது யாரோ. கண்ண மட்டும் போட்டுக் குடுங்கன்னு சாரு காலப் புடிச்சு அழுதான். சாருக்கும் அழுகதான். ஆனா என்னால ஆகாது ஐயம்பெருமாளு, மன்னிச்சிருன்னுட்டாரு.

அந்த வாரம் சாருக்கு காய்ச்சல். மூணு நாளு வீட்டுல கெடந்தாரு, அவுக பாசையில என்னென்னமோ பெனாத்துனாரு. நாலாம் நாளு பாளையங்கோட்டையில ஆஸ்பத்திரியில சேத்தேன். பத்து நாளு. சாவி எங்கிட்ட.

எங்க தொழிலுல ஒண்ணு உண்டு தாயி. சிலைக்கு எல்லாம் பூசிட்டு கண்ணக் கடைசியிலதான் தொறக்கணும். விரதம் இருந்து, ஆத்துல குளிச்சு, திரை கட்டி, எதிர ஒரு ஆளு நிக்காம, மொத மொதல்ல கண்ணாடியக் காட்டித் தொறக்கணும். தொறக்காம பாதியில விட்ட உருவத்த வச்சிருக்கக் கூடாது. அதுலயும் செத்துப்போனவ. எனக்கு அந்த வீட்டுக்குள்ள போறதுக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. சாரு காய்ச்சலே அதனாலதானோன்னு வேற நெனச்சேன். சிரிக்காதிய, நெசமாவே நெனச்சேன்.

நான்தான் போட்டேன்.

செல்லக்கிளி கண்ண, நான்தான். மூணு நாளு ஒரு பொழுதுச் சாப்பாடு. வேட்டியத் திரையாக் கட்டுனேன். சாரு வரையுத தூரியையே எடுத்தேன். எனக்குத் தெரிஞ்சது பேச்சியம்மன் கண்ணுதான், அத ஒடுக்கிப் பொம்பளக் கண்ணாக்குனேன். குனிஞ்சவ தலைய லேசாத் தூக்கி நம்மள என்னன்னு கேக்க மாதிரி. கண்ணாடியக் காட்டிட்டு வெலகி நின்னு பாத்தேன், கையெடுத்துக் கும்புட்டுட்டேன். ஐயம்பெருமாளு வந்து, ஏட்டி பாத்துட்டியான்னு கேட்டு அழுதான், சிரிச்சான். யாரு போட்டான்னு அவன் கேக்கல, நானும் சொல்லல. அன்னைக்குத்தான் வீட்டுக்குப் போயி சோறு தின்னான்.

இருங்க, பேப்பர மடிக்காதிய. அந்தக் கண்ணுதான் படத்துலயே ஒசத்தின்னு அங்க பெரிய ஆளுவ எழுதியிருக்காவன்னு நீங்க சொன்னப்ப உள்ளுக்குள்ள எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. அதையும் மறைக்கல. நானும் வர்ணம் பூசுதவன்தான. ஒரு கையெழுத்துல என் கண்ணு போலந்துல தொங்கும்னு ஒரு ஆசை. அதான் மோரக் குடிங்க, மோரக் குடிங்கன்னு ஒங்கள இம்புட்டு நேரம் இருத்தி வச்சிருக்கேன்.

இல்ல தாயி. நோட்டுல இருக்கது பொய் இல்ல. அவரு பொய் எழுத மாட்டாரு. அவரு நம்புனத எழுதிருக்காரு.

ஆஸ்பத்திரியில இருந்து வந்தாரு. மெலிஞ்சு துரும்பாயிட்டாரு. படத்துக்கு முன்னால போயி நின்னாரு. பெறவு திரும்பி, இந்தக் கண்ணு யாருலே போட்டதுன்னாரு. சொல்லிருவோம்னுதான் வாயத் தொறந்தேன். நாப்பது வருச நேமத்த மூணு நாளு விரதத்துல அழிச்சவன்னு என்னையப் பாப்பாரே, அந்தப் பார்வைய என்னால தாங்க முடியாதுன்னு தோணிட்டு. நீங்கதான் சாருன்னேன். காய்ச்சலோட மத்தியானம் எந்திரிச்சு வந்து போட்டிய, நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன், மறந்துட்டியளான்னேன்.

ஏலேன்னு ஒரு அறை விட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். விடல. தங் கையப் பாத்தாரு. முன்னயும் பின்னயும் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

அன்னையில இருந்து தூரியத் தொடல. காலையில காப்பி கொண்டு போவேன். சங்கிலி, நெசமாவே நானான்னு கேப்பாரு. ஆமா சாரும்பேன். வெத்தலக் கடையில வச்சுக் கேட்டாரு, ஆத்தங்கரையில வச்சுக் கேட்டாரு. ஒவ்வொரு மட்டமும் நாக்கு நுனி வரைக்கும் வரும். முந்துன நாளு ஆமான்னவன் இன்னைக்கு எப்படி இல்லம்பேன்? பேங்குக்குப் போனா கையெழுத்து போட்டுட்டு, இது நான் போட்டதான்னு எங்கிட்டக் கேக்காரு. அடுப்ப அணைச்சேனா, கதவப் பூட்டுனேனான்னு மூணு தடவ திரும்பி வாராரு. முன்ன அப்படிக் கெடையாது. சங்கிலி, எங்கம்மாவுக்கும் இப்படித்தான் கடைசியில எல்லாம் மறந்துச்சு, எனக்கும் கோட்டி புடிக்கப் போகுது, வரஞ்சது மறந்துட்டா வரையக் கூடாதுன்னு சொன்னாரு. அவுக மகளுக்கு அவரே போன் போட்டு, வந்து கூட்டிட்டுப் போன்னாரு.

ஜங்ஷன்ல ரயிலு கெளம்புது. சன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு, நல்லாப் பாத்தியா சங்கிலின்னாரு. மக பக்கத்துலயே இருக்கா. நல்லாப் பாத்தேன் சாருன்னேன்.

அங்க போயி சாகுத வரைக்கும் ரெண்டு வருசம், மறதி வந்தவங்கள வச்சிப் பாக்க எடத்துல இருந்தாருன்னு இப்ப நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். அங்கயும் ஒரு கோடு இழுக்கலியாமே.

அந்தப் பேப்பர உள்ள வையுங்க. வேற எழுதுங்க, அவுக மகளுக்கு. ஒங்கப்பா எதையும் மறக்கல தாயி, அவருக்கு கோட்டி கீட்டி ஒண்ணும் கெடையாது, அவரு வரையாதத வரஞ்சியன்னு சொல்லிச் சொல்லி நான்தான் நம்ப வச்சேன்னு எழுதுங்க. அதுல போடுதேன் கையெழுத்து.