மாடிக்கு எட்டாத பிரிண்டர்

— கையை எடு தம்பி. அந்த ஒயரைத் தொடாதே.

— பிரிண்டர் ரிப்பேருன்னு கூப்பிட்டுட்டு தொடாதேன்னா எப்படிக்கா? மாடியில மேனேஜர் காத்துக்கிட்டிருக்காரு.

— காத்துக்கிட்டிருக்கட்டும். பிரிண்டருக்கு ஒரு கேடும் இல்ல. கீழ கேபிள்ல இருக்கற எங்களுக்கு ஜம்முனு வருது. மேல வைஃபைக்காரங்களுக்குத்தான் வரல.

— டெக்னிக்கலா பாத்தா, ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனம்க்கா. கீழ ஒரு நெட்வொர்க், மேல ஒரு நெட்வொர்க். நடுவுல இந்த வைஃபை பெட்டி சுவரு மாதிரி நிக்குது. இங்க ஒரு பிரிண்டர் இருக்கறதே அவங்க கண்ணுக்குத் தெரியாது.

— தெரியாம இருக்கறதாலதான் எனக்கு இங்க நாற்காலி இருக்கு. மாடியில உள்ள அத்தனை பேரும் ஃபைலை எனக்கு அனுப்பறாங்க. நான் பிரிண்டு போட்டு, பின் அடிச்சு, மேல கொண்டுபோய்க் குடுக்கறேன். எனக்குன்னு மிச்சம் இருக்கற வேலையே அதான். அவங்களுக்கு நேராவே பிரிண்டு வந்துட்டா, திங்கக்கிழமையிலேருந்து வர வேண்டாம்னு மேனேஜர் வாய்விட்டே சொல்லிட்டாரு. பயமா இருக்கு தம்பி.

— அட, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே. நான் மாசாமாசம் வந்து வந்து போறேனே, சரி பண்ணத் தெரியாமயா?

— தெரிஞ்சா ஏன் பண்ணல?

— பண்ணிட்டா அப்புறம் என்னை யாரு கூப்பிடுவா? எனக்கு நிலையா இருக்கற ஒரே ஆபீஸ் இதுதான்.

— அடப்பாவி. விவரம் பத்தாத புள்ளைன்னு பாவப்பட்டுல்ல உனக்கு டீ போட்டுக் குடுத்தேன்.

— குடிச்சேனே. குறை சொன்னேனா?

— சரி போ. நீ இன்னைக்கு எங்க சரி பண்ணித் தொலைச்சிடுவியோன்னு, நானே ஒரு காரியம் பண்ணி வச்சேன். பெட்டிக்குப் பின்னால நீல ஓட்டைல இருந்த ஒயரைப் பிடுங்கி, பக்கத்துல மஞ்சள் ஓட்டைல சொருகிட்டேன்.

— எப்போ?

— நீ உள்ள நுழையறதுக்கு முன்னாடிதான். ஏன், பெட்டி புகைஞ்சிடுமா?

— புகைஞ்சாக்கூடப் பரவாயில்லையே. அதுதான்க்கா ரிப்பேரே. மத்த செட்டிங் எல்லாம் நான் எப்பவோ முடிச்சாச்சு. அந்த ஒரு ஒயரை மட்டும்தான் வேணும்னே மாத்தாம வச்சிருந்தேன். மஞ்சள்ல சொருகினா மேலயும் கீழயும் ஒரே நெட்வொர்க்.

— கடவுளே. பிடுங்குடா அதை.

— இருங்க. பிரிண்டர் ஓட ஆரம்பிச்சிடுச்சு. மாடியிலேருந்து யாரோ போட்டுட்டாங்க.

— யாரோ இல்ல, மேனேஜர்தான். இதோ, படியிறங்கி வர்றாரு பாரு. போச்சு, என் பொழப்பு போச்சு.

— என்னப்பா, என் லேப்டாப்லேருந்தே வந்துடுச்சு. சுருக்கமா சொல்லு, எப்படிப் பண்ணின?

— நான் இல்ல சார். அக்காதான் பண்ணினாங்க. இந்தப் பெட்டியோட நாடி அவங்களுக்குத்தான் தெரியும். அவங்க மட்டும் இந்த நாற்காலியில இல்லேன்னு வைங்க, நாளைக்கே திரும்பப் படுத்துடும் சார்.

— நிஜமாம்மா?

— ஆமா சார். ஒயரை மாத்திச் சொருகினேன்.

— இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க. சரி, திங்கக்கிழமை பேச்சை மறந்துடுங்க. இனிமே நெட்வொர்க்கும் உங்க பொறுப்பு. ஆமா, இந்தப் பையன் மாசாமாசம் வந்து போகணுமா?

— சொல்லுங்கக்கா.

— எதுக்கு சார் வீண் செலவு? நானே பாத்துக்கறேன்.